போரை நிறுத்திய இனிப்புப் பானைகள்

பேயரசன் வரமளிக்கும் சிறுவர் கதை முதியோர் மனத்தைக் கவருமா? சத்யஜித் ராய் 1969இல் அளித்த 'கூபி காயேன் பாகா பாயேன்' என்னும் வங்கப் படம் என் மனத்தைக் கவர்ந்தது. பாட்டனார் உபேந்திரகிசோர் எழுதிய கதையை, மைந்தனின் விருப்பத்திற்கிணங்க அவர் படமாக்கினார்.

அரசர் துரத்திய பாடகனும் மத்தளக்காரனும் வனத்திலே பேய்களின் நடனம் காண்கின்றனர். அந்நடனத்திற்கு முழங்குபவை நம் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்குமே!

இறுதியிலே போருக்கெழும் வீரர்கள் பட்டினியால் வாடியவர்கள். பாட்டின் வலியால் வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்க, படைக்கலங்களை விடுத்து அவற்றை நோக்கி ஓடுகின்றனர். லிந்துலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பசியை நன்கறிவர். ஆதலால் எம் மாணாக்கர்க்கு அக்காட்சி வெறும் மாயமன்று. சிறுவர் சிரிக்குமிடத்திலே பெரியோர் சிந்திக்கின்றனர்: வயிறு நிறைந்த மாந்தர் பிறர் ஏவ வாளேந்துவரோ? இவ்வினாவே வேடிக்கைக் கதையை விழுமிய கலையாக்குகின்றது.