பழைய யூகலேலி: வயதறிவதும் விலை மதிப்பதும்

யூகலேலி என்றதும் அதைக் கிதாரின் குட்டி என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். கடைகளில் பொம்மைகளோடு பொம்மையாகத் தொங்குவதைப் பார்க்கும்போது அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. நான்கே தந்திகள், தலை முதல் அடிவரை அளந்தால் இரண்டு அடிக்கும் குறைவு, ஒரு கையால் எளிதில் தூக்கிவிடலாம். ஆயினும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பழைய யூகலேலிகளில் ஒன்று சில நூறு டாலருக்கும் மற்றொன்று பல ஆயிரம் டாலருக்கும் விலைபோகின்றன.

பாட்டி மறைந்த பின் பரணிலிருந்து இறங்கும் பழைய வாத்தியத்தைப் பேத்தி என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் வந்து, "பழைய சாமான்தானே, ஏதோ கொடுக்கிறேன்" என்று வாங்கிப் போய்விடுகிறார். இதன் மறுபுறமும் உண்டு. சாதாரணப் பொருளை அரிய பொருள் என்று நம்பி, சேமித்த பணத்தையெல்லாம் கொட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஏமாறுவது ஒரே காரணத்தால்தான்: அந்த வாத்தியம் தன்னைப் பற்றித் தானே சொல்லுவதை அவர்கள் படிக்கவில்லை. அதை எப்படிப் படிப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் சிறிது சரித்திரம். யூகலேலி ஹவாய்த் தீவுகளுக்குரியது என்றாலும் அதன் மூதாதை போர்த்துக்கலைச் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலில் உள்ள மதெய்ரா தீவில் 'மஷேத்' என்னும் சிறு தந்தி வாத்தியம் வழக்கில் இருந்தது. 1879 ஆகஸ்டு 23ஆம் நாள், ஏறத்தாழ நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின், 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்கென்று மதெய்ராவிலிருந்து புறப்பட்ட நானூறுக்கும் மேற்பட்டோர் அதில் வந்திறங்கினர். அவர்களுள் மூவர் மரவேலை வல்லுநர்கள்: மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தீயஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து. (ஜோசே என்பது நம் ஊர்ச் சூசைதான்.) தோட்ட வேலை முடிந்ததும் இம்மூவரும் ஹொனலூலுவில் பட்டறை வைத்து, ஹவாயிலேயே விளையும் 'கோஆ' மரத்தில் சிறு தந்தி வாத்தியங்களைச் செய்யத் தொடங்கினார்கள். இந்தக் கோஆ ஒரு வகை வேல இன மரம். நம் நாட்டுக் கோவாவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இசைப் பிரியரான மன்னர் கலாகௌவா புதிய வாத்தியத்தை ஆதரித்தார். அரச சபையின் ஆடல் பாடல்களில் இடம் பெற்றபின் அது ஹவாய் மக்களின் சொத்தாகவே ஆகிவிட்டது.

பெயருக்குப் பலர் சொல்லும் பொருள் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்பது. தந்திகள் மேல் விரல்கள் துள்ளுவதைக் கண்டு வைத்த பெயராம். கலாகௌவாவின் தங்கையும் ஹவாயின் கடைசி அரசியுமான லிலியுஓகலானியோ, 'இங்கு வந்து சேர்ந்த கொடை' என்று பொருள் கூறினார். எமக்கு அரசியார் சொன்னதே பிடித்திருக்கிறது.

1915இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பனாமா-பசிபிக் சர்வதேசக் கண்காட்சியில் ஹவாய் மண்டபத்தில் யூகலேலி ஒலித்தது. அமெரிக்கப் பெருநாடு முழுவதும் அதன்மேல் மோகம் பிடித்தது. சிகாகோ முதலிய நகரங்களின் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. அவற்றில் பல, ஹவாய்த் தயாரிப்பு என்றே விற்கப்பட்டன. உண்மையாகவே ஹவாயில் உழைத்துச் செய்தவர்களின் வயிற்றில் இது அடித்தது. ஆகவே ஹொனலூலு வாணிகர்கள் கிரீடச் சின்னமும் 'தபு' என்ற சொல்லும் கொண்ட ஒரு முத்திரையை ஏற்படுத்தினார்கள். 'தபு' என்றால் தடை செய்யப்பட்டது, பிறர் தொடக்கூடாதது. ஹவாயில் செய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே அந்த முத்திரை. இன்று ஒரு பழைய யூகலேலியின் தலைப்பகுதியில் அந்த முத்திரை தென்பட்டால், அது எங்கே பிறந்தது என்பதும், ஏறத்தாழ எந்தக் காலத்தது என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

இனி, வாத்தியத்தைக் கையில் எடுப்போம். தேவையானவை ஒரு சிறு டார்ச் விளக்கும், முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் மட்டுமே. ஒலித்துளைக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். உள்ளே ஒட்டிய சீட்டோ, மரத்தில் பதித்த முத்திரையோ இருக்கலாம். பிறகு தலையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் பாருங்கள்.

சீட்டில் ஓர் ஆண்டு அச்சிட்டிருந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. பெரும்பாலோர் வழுக்கி விழுவது இங்கேதான். நூனெஸ் குடும்பத்தாரின் சீட்டில் 1879 என்று காணப்படும். அது, யூகலேலியைக் கண்டுபிடித்தவர்கள் தாங்களே என்று அவர்கள் உரிமை கொண்டாடிக் குறித்த ஆண்டு. அதே சீட்டு பல்லாண்டுகள் கழித்துச் செய்தவற்றிலும் ஒட்டப்பட்டது. ஹொனலூலுவில் பெரிய தொழிற்சாலை நடத்திய ஜோனா குமலாயே என்பவரின் வாத்தியங்களில் 1915 என்று இருக்கும். அது கண்காட்சியில் அவர் தங்கப் பரிசு பெற்ற ஆண்டு. அதைப் பெருமையாக இருபதுகளிலும் தம் வாத்தியங்களில் ஒட்டிக்கொண்டே இருந்தார். இவையெல்லாவற்றையும் மிஞ்சியது மார்ட்டின் கம்பெனியின் சின்னம். அதில் 1833 என்று இருக்கும்! ஹவாயில் யூகலேலி தோன்றுவதற்கே இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறதே! 1833 என்பது அந்தக் கிதார்க் கம்பெனி நிறுவப்பட்ட ஆண்டு. அந்தச் சின்னம் தலையின் முன்புறத்தில் ஒட்டப்படத் தொடங்கியதோ 1930களின் ஆரம்பத்தில்தான். ஆகவே 1833 என்று பொறித்த மார்ட்டின், அந்த ஆண்டு இல்லாத மார்ட்டினைவிடப் பெரும்பாலும் இளையது!

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். மானுவேல் நூனெஸின் மகன் லியொனார்தோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தனியே தொழில் நடத்தினார். அவருடைய சீட்டில் ஹவாயின் பெயர் பெரிதாகவும், லாஸ் ஏஞ்சலஸ் அதன் கீழும் இருக்கும். இது மோசடி அன்று. வாத்தியமும் நல்ல வாத்தியமே. ஆனால் அவசரத்தில் படிப்பவர் தந்தையின் கைவேலை என்று மகனின் கைவேலையை வாங்கிவிடுவார். மார்ட்டின் முத்திரையில் வரும் நாசரேத்தும் அப்படியே: அது திருநாட்டிலுள்ளது அன்று, பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர்.

சீட்டு உதிர்ந்து போயிருந்தால் மரமும் வேலைப்பாடும் பேசும். தொடக்க கால ஹவாய் வாத்தியம் கையில் எடுத்தால் இறகுபோல் இருக்கும். பலகைகள் அவ்வளவு மெல்லியவை. பலவற்றில் தனியாக விரல்பலகை கிடையாது. வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த மெட்டுகள் கழுத்து மரத்திலேயே நேராகப் பதிக்கப்பட்டிருக்கும். கோஆ மரம் பொன்னிறம் கலந்த பழுப்பு. நல்ல ரகத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுச் சேலையின் மடிப்புப்போல் அலையலையாய் மின்னும். விளிம்பைச் சுற்றிலும் இரு நிற மரத் துணுக்குகளைச் சாய்வாக மாற்றி மாற்றிப் பதித்து, முறுக்கிய கயிறுபோல் அழகு செய்திருப்பார்கள். துணுக்குகளைத் தனித்தனியே பதித்ததா, கயிறுபோல் படம் மட்டும் ஒட்டியதா என்பதை ஒரு பூதக்கண்ணாடி சொல்லிவிடும். சிகாகோவின் மலிவு ரகங்களில் பர்ச் போன்ற மரத்துக்குச் சாயம் பூசியிருப்பார்கள். உட்புறத்து மரத்தையும் வெளிப்புறத்து நிறத்தையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

அளவும் ஒரு சாட்சி. பழையவை பெரும்பாலும் சொப்ரானோ எனப்படும் மிகச் சிறிய அளவு. கான்சர்ட், டெனர் அளவுகள் 1920களில் பரவின. பாரிடோன் என்னும் பெரிய யூகலேலி 1940களின் பிற்பகுதியில்தான் தோன்றியது. பாரிடோன் ஒன்றைக் காட்டி, "கொள்ளுத்தாத்தா 1920இல் வாங்கியது" என்று யாராவது சொன்னால் புன்னகை செய்துவிட்டு நகரலாம். அன்னாசிப் பழ வடிவில் ஒன்று கிடைத்தால், ஹொனலூலுவில் 1916இல் தொழில் தொடங்கிய சாமுவேல் கமாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வடிவத்துக்கு அவர் 1928இல் காப்புரிமை பெற்றார். (அவர் குடும்பத்தார் இன்றும் அதே தொழிலை நடத்தி வருகிறார்கள்.)

மார்ட்டின் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சேகரிப்போர் அதிகம் தேடுவது அதைத்தான். 1907இல் அக்கம்பெனி செய்த முதல் முயற்சி எடுபடவில்லை. கிதாரைப் போலவே கனமாகக் கட்டியதால் ஓசை எழவில்லை. ஹவாய்க்காரர்களின் மெல்லிய கட்டுமானத்தின் அருமை அப்போதுதான் புரிந்திருக்கும்! 1915-16இல் மகோகனி மரத்தில் மெல்லியதாகச் செய்து மீண்டும் விற்பனைக்கு விட்டபோது வெற்றி கிட்டியது. வகைகளை எண்களால் குறித்தார்கள். 0 என்பது அலங்காரமே இல்லாதது. 1க்கு விளிம்பில் கருமரப் பட்டை. 2க்குத் தந்தம்போன்ற வெள்ளைப் பட்டை. 3க்கு விளிம்பிலும் விரல்பலகையிலும் மெல்லிய கோடுகள் பல. ஐந்தாம் எண்ணோ சுற்றிலும் முத்துச்சிப்பி பதித்தது. கோஆ மரத்தில் செய்த இந்த '5கே' வகையே பழைய மார்ட்டின்களில் முடிசூடியது. ஆனால் வாத்தியத்தின்மேல் இந்த எண்களைப் பொறிக்கும் வழக்கம் இல்லை. அலங்காரத்தைப் பார்த்து நாமே வகையை அறியவேண்டும். கிதார்களுக்கு இருப்பதுபோல் வரிசை எண்ணும், தொடக்கத்தில் சிறிது காலம் தவிர, கிடையாது. காலத்தை அறிய முத்திரையின் இடமும், வீணையில் பிருடை எனப்படும் முறுக்காணிகளுமே துணை. தலையின் பின்புறத்தில் முத்திரை இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்கு முந்தியது எனலாம். சாதாரண வகைகளில் முறுக்காணிகள் மரத்தாலானவையானால் பெரும்பாலும் 1920களின் பிற்பகுதிக்கும் முன்னே போகவேண்டும். ஆனால் முறுக்காணியை யாரும் மாற்றியிருக்கலாம். அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

விலைக்கு வருவோம். பழமை மட்டுமே விலையாகாது. மார்ட்டின் 0 வகை நூறு வயதை நெருங்கினாலும், ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. வாசிப்பதற்கு அதைவிட நல்லது தேடவேண்டியதில்லை. 5கேயோ பல ஆயிரம் டாலர். செய்தவர் யார், எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பகுதி பிறந்தபோது இருந்தபடியே இருக்கிறது என்ற இவை சேர்ந்தே விலையை நிர்ணயிக்கின்றன.

கடைசியாகச் சொன்னதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். விருந்தினர் வருமுன் வீட்டைக் கழுவுவதுபோல், விற்குமுன் பழைய வாத்தியத்தைத் தேய்த்து, புது வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். அந்த ஒரு நாள் வேலையில் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடக்கூடும். மூல வார்னிஷ் போனால் மீண்டும் வராது. அதற்கு மாறாக, மெல்லிய விரிசல் ஒன்று விழுந்து, கைதேர்ந்தவர் அதை உள்ளிருந்து சீராக ஒட்டியிருந்தால் விலை ஓரளவே குறையும். கழுத்து வளைந்திருப்பது, குதிரை பெயர்ந்திருப்பது, விளிம்புப் பட்டை காணாமற்போயிருப்பது இவையெல்லாம் பழுதுபார்க்கும் செலவாகக் கணக்கில் கழிபடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

கீறலே மதிப்பான கதையும் ஒன்றுண்டு. 1926இல் ரிச்சர்டு பர்டு வட துருவத்தை நோக்கி விமானத்தில் பறந்தபோது, அக்குழுவில் இருந்த ரிச்சர்டு காண்டர் என்பவரின் மார்ட்டின் யூகலேலி விமானத்தில் ஒளித்து ஏற்றப்பட்டது. பின்னர் அந்த வாத்தியத்தில் குழுவினரும் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ், எடிசன், லிண்ட்பர்க் முதலிய நூற்றுக்கும் மேற்பட்டோரும் கையொப்பமிட்டனர். வேறெந்த யூகலேலியில் கிறுக்கியிருந்தாலும் குற்றம். இதில் அதுவே பெருமை. காலப்போக்கில் மங்கிய கையொப்பங்களை அறிஞர்கள் விசேஷ ஒளிப்படங்களின் துணையால் படித்தறிந்தனர். இப்போது அது மார்ட்டின் கம்பெனியின் காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே பழைய வாத்தியத்தோடு வந்த ரசீது, பெட்டி, அதை வைத்திருப்பவரின் புகைப்படம் எதையும் எறிந்துவிடக் கூடாது. வாய்வார்த்தைக்கு இல்லாத மதிப்பு அவற்றுக்கு உண்டு.

விலை விசாரிக்கும்போது, விற்பவர் கேட்கும் விலையையும் உண்மையில் விற்ற விலையையும் பிரித்துப் பாருங்கள். கேட்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு, எவ்வளவும் கேட்கலாம். ஏலங்களில் முடிந்த விலைகளே ஆதாரம். வியாபாரி தாம் விற்பதைவிடக் குறைவாகவே வாங்குவார். பழுது நீக்கவேண்டும், வாடிக்கையாளருக்குக் காத்திருக்கவேண்டும், அது அவர் பிழைப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால், இரண்டாவதாக ஒருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்வது நல்லது. இருவரிடமும் முன்புறம், பின்புறம், தலை, உட்புற முத்திரை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டவேண்டும். விரிசல்களை மறைக்கக் கூடாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மற்றொரு சங்கதி. பழைய வாத்தியங்களின் சில பகுதிகளில் பிரேசில் நாட்டு ஈட்டிமரம் இருக்கலாம். அழிந்துவரும் அம்மரத்தின் சர்வதேச வாணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிபோகலாம்.

பழைய யூகலேலியை வாசிக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாசிக்கலாம். பண்டைக் காலத்தில் ஆட்டு நரம்புத் தந்தி கட்டினார்கள். இப்போது நைலான் போன்றவை பொருந்தும். இரும்புத் தந்தி மட்டும் கூடவே கூடாது. அதன் இழுவையைத் தாங்க அந்த மெல்லிய பலகைகளால் முடியாது. குதிரை பிடுங்கிக்கொண்டு வரும், சில வேளை மேற்பலகையும் சேர்ந்தே வரும். வெயில் படும் சுவரில் மாட்டாமல், மிகவும் உலராத, மிகவும் ஈரமில்லாத இடத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.