ஊருக்குக் கிளம்பும் பறவைகள்... வீராணம் கரையில் கேமராவோடு நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது!

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வீராணம் ஏரியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த ஏரிக்கரையில்தான் கல்கியின் கதை தொடங்குகிறது. ஆடி, புதுத் தண்ணீர் வரும் மாதம். அதே கரைக்குப் பங்குனியில் போனால் இன்னொரு பயணத்தின் தொடக்கத்தைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் வந்து இறங்கிய வலசைப் பறவைகள் சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம் அது.

கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு, இந்த ஏரியின் வடக்கு முனையில் இருக்கும் ஊர். பீங்கான் பொருள்களுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் சந்திக்கும் இடம். பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கு டீக்கடை நிறுத்தம். பறவை பார்ப்பவர்களுக்கோ, வெள்ளாறும் வீராணமும் சம்பா வயல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அருமையான இடம்.

ஏன் பங்குனி?

பறவைகளைப் படம் எடுக்க மார்கழி, தை மாதங்கள்தான் சரியான நேரம் என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணிக்கை அதிகம் இருப்பது அப்போதுதான். ஆனால் அழகு கூடுவது மாசிக்குப் பிறகு!

இங்கே தங்கியிருக்கும் மாதங்களில் பல வலசைப் பறவைகளின் இறகு மங்கலான சாம்பல், பழுப்பு நிறத்தில் இருக்கும். கிளம்புவதற்கு முன் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். வடக்கே போய் ஜோடி சேர வேண்டுமே! கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் போலப் புது உடுப்போடுதான் புறப்படுகின்றன.

மீசை ஆலாவை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பார்த்தால், இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று தோன்றும். உடல் முழுக்க வெள்ளையும் வெளிர் சாம்பலும்தான். பங்குனி, சித்திரையில் பாருங்கள். தலையில் கறுப்புத் தொப்பி, வயிற்றில் கரும்சாம்பல், இரண்டுக்கும் நடுவே கன்னத்தில் வெள்ளைக் கோடு. மீசை அப்போதுதான் தெரியும்.

நீண்ட அலகும் நீண்ட கால்களும் கொண்ட கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். மஞ்சள் வாலாட்டியின் அடிவயிறு எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சிடும். ஆண் நீலச்சிறகி வாத்துக்குக் கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் புருவம் வந்துவிடும். சூறைக்குருவியின் இளஞ்சிவப்பும் இந்த நேரத்தில்தான் துலங்கும்.

எங்கே நிற்கலாம்?

வீராணம் சோழர் காலத்து ஏரி. 10-ம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. முதலாம் பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயர்தான் ஏரிக்கும் பெயரானது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். முழுக் கொள்ளளவின்போது நீர்மட்டம் 47.5 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனமும், 2004-ம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்தே போகின்றன.

படம் எடுப்பவர்களுக்கு இந்த ஏரியில் ஒரு வசதி உண்டு. உயரமான கரை கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலையில் கரைமேல் நின்று மேற்கே ஏரியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எதிர்வெளிச்சம். பறவைகள் கருநிழலாகத்தான் விழும். அதனால் காலை 6 மணி முதல் 8 மணி வரைதான் பொன்னான நேரம்.

ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் சேறு வெளிப்படும். உள்ளான் இனங்களுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு. ஆழமான பக்கத்தில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகளைத் தேடலாம். அறுவடை முடிந்த வயலில் ஈரம் இருந்தால் பொறி உள்ளானும் வாலாட்டியும் நடமாடும். மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

சேத்தியாத்தோப்பை ஒட்டிய வாலாஜா ஏரியும் பார்க்க வேண்டிய இடம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் இந்த ஏரிக்கு வருகிறது. சிதம்பரத்தைத் தாண்டிப் போனால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த சதுப்புநிலம் அது.

ஒவ்வொரு கிராமும் பெட்ரோல்!

பங்குனிப் பறவைக்கும் மார்கழிப் பறவைக்கும் நிறம் மட்டுமே வித்தியாசம் இல்லை. கிளம்பப்போகும் பறவை, நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். தின்பதெல்லாம் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேரும். வழியில் அதற்கு அதுதான் பெட்ரோல். சில கரைப்பறவைகளின் எடை, புறப்படும் முன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது.

அந்தக் கொழுப்பு என்ன செய்யும் என்பதற்கு உலகமே வியந்த ஓர் உதாரணம் உண்டு. கருவால் மூக்கனின் நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் ஒன்றுக்கு அலாஸ்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு அது. 2022 அக்டோபரில் அங்கிருந்து கிளம்பி 11 நாள்கள் எங்கும் இறங்காமல் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. தூரம் 13,560 கிலோமீட்டர்! வழியில் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை.

நம் வயலில் சேற்றைக் கிளறும் கருவால் மூக்கனுக்கு அவ்வளவு தூரம் இல்லை. ஆனாலும் மங்கோலியா, சைபீரியா என்றால் 4,000 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கான எரிபொருளை அது நிரப்பிக்கொள்ளும் கடைசி இடங்களில் ஒன்று இந்தச் சேறு.

இங்கேதான் கேமராவோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டுவது, கல் எறிவது, பைக்கை உறுமவிடுவது, ட்ரோனைத் தாழப் பறக்கவிடுவது எல்லாம் நடக்கின்றன. படம் எடுப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. பறவைக்கோ, எழுந்து பறந்த கொழுப்பும் நஷ்டம், சாப்பிடாமல் போன நேரமும் நஷ்டம். ஒரே காலையில் நான்கு பேர் நான்கு முறை கிளப்பிவிட்டால்? கடன் ஏறிக்கொண்டே போகும். எடை போதாமல் கிளம்பும் பறவை, நடுவழியில் தவித்துப்போகலாம். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கூடு கட்ட நல்ல இடம் கிடைக்காமல் போகலாம். வடக்கே கோடைக்காலம் குறுகியது.

பறவை எழுந்து பறப்பதற்கு முன்பே நமக்கு எச்சரிக்கை கொடுத்துவிடும். மேய்வதை நிறுத்தும். கழுத்தை நீட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரே திசையில் நடந்து விலகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கேயே நின்று, இரண்டு அடி பின்னால் வந்துவிட்டால் போதும். சில நிமிடங்களில் மறுபடி மேயத் தொடங்கும்.

செல்போன் போதுமா?

லட்ச ரூபாய் லென்ஸ் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 8x42 அளவுள்ள பைனாகுலர் ஒன்று இருந்தால், அதன் கண் வைக்கும் பக்கத்தில் செல்போன் கேமராவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்கலாம். கை ஆடாமல் இருக்கக் கரையில் உள்ள கல்லிலோ, சுவரிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள், பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் குறையாமல் வைக்கலாம்.

ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவதுதான் சிறந்த உத்தி. நாம் துரத்தாவிட்டால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வயலுக்குள் இறங்க வேண்டியிருந்தால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அறுவடை முடிந்தது போலத் தெரியும் வயலில் உளுந்து முளைத்திருக்கலாம்.

கண்ணியோ வலையோ விரித்திருப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பறவை வேட்டை தண்டனைக்குரிய குற்றம்.

படத்தோடு தேதியும்!

எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதோடு நிறுத்த வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி உதவும். இலவசம்தான். பார்த்த இடம், தேதி, எண்ணிக்கையை ஈ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம். காலில் வளையமோ, வண்ணப் பட்டையோ தெரிந்தால் அந்த எழுத்துகள் புரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். கொடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அது எங்கிருந்து வந்த பறவை என்பதை உங்கள் படம் சொல்லிவிடக்கூடும்.

பொங்கல் நேரத்திலும் பிப்ரவரியிலும் பறவைக் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. முதலில் வந்த தேதியைக் குறித்துவைப்பவர்களும் உண்டு. கடைசியாகப் பார்த்த தேதி தெரிய வேண்டுமானால், அதற்குப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். ஏரி காலியாக இருந்தாலும், 'இன்று ஒரு வாத்தும் இல்லை' என்று எழுதிவைக்க வேண்டும். அந்த வரியும் கணக்குதான்.

சித்திரை பாதியில் வீராணம் கரையில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் நம்மூர்ப் பறவைகளே கண்ணில் படும். நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி, கொக்கு. வந்த விருந்தாளிகளில் பெரும்பாலானோர் போயிருப்பார்கள். வயிறு நிறைந்து போனார்களா என்பதில், கரைமேல் நின்ற நமக்கும் பங்கு இருக்கிறது.