கருவிக்கேற்ற அடாப்டரைத் தெரிந்து வாங்கும் முறை

வயலின் ஈரத்தை அறிந்து செய்தி அனுப்பும் கருவிகளும், மழை, காற்று, வெப்பம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளும், களத்தையும் மாட்டுக்கொட்டிலையும் காவல் காக்கும் காமிராக்களும் இக்காலத்தில் கிராமங்களிற் பரவி வருகின்றன. இவை இணையத்தின் வழியாகக் குடியானவரின் செல்போனுக்குச் செய்தி கொடுப்பன. கருவியைப் பலமுறை ஆராய்ந்து விலைபேசி வாங்குகின்றவர்களும், அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரைப்பற்றிச் சிந்திப்பது அரிது. முதலில் வந்த அடாப்டர் பழுதானால், கடைத்தெருவில் மலிவாய்க் கிடைத்ததொன்றை வாங்கிச் செருகிவிடுகின்றனர். அதனாற் பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கருவி ஒரு நொடியிற் கெடுவதுண்டு. உயிருக்கே அபாயம் நேர்வதுமுண்டு. ஆதலின் இச்சிறு சாதனத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

அடாப்டரின் வேலை

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்சாரம். மேற்சொன்ன கருவிகளுக்கு வேண்டுவதோ பெரும்பாலும் 5, 9 அல்லது 12 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரம். உயர்ந்த அழுத்தத்தைத் தாழ்த்தி, ஒரே திசையிற் செல்லுமாறு மாற்றிக் கொடுப்பது அடாப்டரின் முதல் வேலை. உயிரைக் கொல்லவல்ல 230 வோல்ட் பக்கத்தையும், கை தொடும் பக்கத்தையும் ஒன்றோடொன்று சேராமற் பிரித்து வைப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. போலிச் சரக்குகளில் இவ்விரு பக்கங்களுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மிகக் குறுகியிருக்கும். அவை பல மாதம் ஒழுங்காக வேலை செய்வதுபோற் காணப்பட்டு, ஒருநாள் உள்ளே பழுது நேர்ந்தவுடன் 230 வோல்ட் மின்சாரத்தைக் கருவியின் உலோகப் பாகத்திற்கே அனுப்பிவிடும். கிணற்றடியில் ஈரக் காலோடு நின்று அதைத் தொடுகின்றவரின் கதி சொல்லவேண்டுவதில்லை.

கவனிக்கவேண்டிய அளவுகள்

அடாப்டரின்மேல் ஒட்டியுள்ள சீட்டில் வோல்ட், ஆம்பியர் என்னும் இரு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். வோல்ட் என்பது தொட்டியிலுள்ள நீரின் உயரத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது. வோல்ட் கருவியிற் கண்டபடியே இருக்கவேண்டும். 5 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகிப்போகும். 12 வோல்ட் கருவிக்கு 9 வோல்ட் கொடுத்தால் சரியாக இயங்காது. ஆம்பியர் அளவோ கருவிக்கு வேண்டியதற்குக் குறையாமல் இருந்தாற் போதும், மிகுந்திருந்தாற் கெடுதியில்லை. ஏனெனில் கருவி தனக்கு வேண்டிய அளவையே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும் நான்கு காமிராக்களை ஒரே அடாப்டரில் இணைப்பதானால், 12 வோல்ட், 5 ஆம்பியர் உள்ளதை வாங்குவது உசிதம். குறைந்த அளவுள்ளது சூடேறி விரைவிற் கெடும்.

மூன்றாவதாகக் கவனிக்கவேண்டுவது முனை. உருண்டை முனையுள்ள அடாப்டர்களில் நடுத்துளை நேர்முனையாகவும், வெளிச்சுற்று எதிர்முனையாகவும் இருப்பதே பெரும்பான்மை, மாறாகவும் உண்டு. சீட்டிலுள்ள சிறு படம் இதைக் காட்டும். 5.5 மில்லிமீட்டர் வெளிச்சுற்றுள்ள முனைகளில் 2.1, 2.5 மில்லிமீட்டர் என இருவகைத் துளைகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். துளை பெரிதானால் தொடர்பு தளர்ந்து, கருவி அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். யு.எஸ்.பி. சி வகைத் துளையுள்ள கருவிகளை வாங்குவதில் ஓர் அனுகூலமுண்டு. அவ்வகை அடாப்டர் முதலில் 5 வோல்ட்டே கொடுத்து, கருவி கேட்டாலன்றி அழுத்தத்தை உயர்த்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்போன், காமிரா முதலியவற்றிற்கு இவ்வகை 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

நீண்ட கம்பியால் வரும் குறை

அடாப்டரை வீட்டில் வைத்து, காமிராவை வேலியோரத்தில் அமைப்போர் கம்பியின் பருமனைக் கவனிக்கவேண்டும். அரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 மீட்டர் தூரத்திற்கு 1 ஆம்பியர் சென்றால், போக வர ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே நஷ்டமாகிவிடும். 12 வோல்ட் கொடுத்தும் காமிராவிற்கு 10 வோல்ட்டே சேரும். இதனை அறியாமல் நல்ல காமிராவைப் பழுதென்று திருப்பியனுப்புவோர் உண்டு. பருமனான கம்பி போடுவதே பரிகாரம்.

பம்புசெட்டுக் கொட்டகை

மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 400 வோல்ட் இருக்கும். நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, ஒருமுனைக் கருவிகளின்மேல் 230 வோல்ட்டுக்கு மிகுந்த அழுத்தம் விழும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமென்று குறித்துள்ள அடாப்டர் அதைத் தாங்காமல் வெடித்துப்போகும். நியூட்ரலுக்குப் பதிலாக மண்ணிற் புதைத்த கம்பியை உபயோகிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மண் உலரும்போது அழுத்தம் குறைந்து கருவி நின்றுவிடும். அன்றியும் புதைத்த கம்பியைச் சுற்றியுள்ள நிலத்திலேயே மின்சாரம் பாய்ந்து மனிதருக்கும் மாட்டிற்கும் ஆபத்தாகும். இவ்வழக்கத்தை அறவே விடவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு முறையான இணைப்புச் செய்து, அடாப்டரை மழைத் தூவானமும் பம்பின் நீரும் படாத உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அமைத்தல் நன்று. இடி மின்னல் வேளையில் அதைக் கழற்றி வைப்பது இன்னும் நன்று.

வாங்கும் முறை

கருவி செய்தவரிடமே மாற்று அடாப்டர் கிடைக்குமானால் அதுவே முதலிடம் பெறும். கிடையாவிடில், பழைய அடாப்டரையும் கருவியையும் கடைக்கு எடுத்துச்சென்று, சீட்டிலுள்ள அளவுகளை ஒப்பிட்டு வாங்கவேண்டும். கணினி முதலிய தகவல் சாதனங்களின் அடாப்டர்கள் பதிவின்றி விற்கப்படலாகாதென்று இந்திய அரசாங்கம் 2014-ல் ஆணை பிறப்பித்தது. அது பின்னர் அமலுக்கு வந்தது. பதிவு பெற்ற சரக்கின்மேல் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தை முதலாகவுடைய எட்டு இலக்கப் பதிவெண்ணும் காணப்படும். முத்திரையைப் போலியாக அச்சிடுதல் எளிதாகையால், அவ்வெண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செல்போன் செயலியில் இட்டு, செய்தவர் பெயரும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சீட்டே இல்லாத சரக்கை எவ்விலைக்கும் வாங்கலாகாது. ரசீது பெறாமல் வாங்கினால் முறையிட ஆதாரம் இராது.

ஊராட்சிக்காகக் காமிரா, மழைமானி முதலியன வாங்கும் கிராம அதிகாரிகள், விலைப்புள்ளி கேட்கும்போதே அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், முனை, பதிவெண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கேட்கவேண்டும். ஒரு மாற்று அடாப்டரும் சேர்த்து வாங்கி இருப்புப் பதிவேட்டிற் பதியவேண்டும். கருவி எந்நாளில் நின்றுபோகும் என்பது முன்னறியக்கூடியதன்று. பயிர் நீருக்கு வாடும் வேளையில் அது ஊமையாய் நின்றால் வரும் நஷ்டத்தை நோக்க, நல்ல அடாப்டருக்குக் கொடுக்கும் அதிக விலை அற்பமேயாகும்.