தொலைபேசி தீர்க்காத தனிமை

மலாவியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மின்சாரம் எட்டாத சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் தன்னார்வலராக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். இரவு ஏழு மணிக்கு வீட்டை அழைத்தால் இங்கே மணி பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு விடியும்வரை பேச ஆளில்லை. மூன்றாவது மாதமே, ஊர் திரும்ப அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

புறப்படும் முன் நடந்த பயிற்சியில் மலேரியா, கொசுவலை, குடிநீர் பற்றியெல்லாம் விரிவாகச் சொன்னார்கள். தனிமைக்குக் கிடைத்தது அரை மணி நேரம். வீட்டாருடன் அடிக்கடி பேசுங்கள் என்பதே அதன் சாரம். அந்த அறிவுரையில் பாதிதான் சரி என்பது பின்னர்தான் புரிந்தது.

சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாத வெறுமை ஒன்று. தன்னைத் தன்னவராக எண்ணும் ஒரு கூட்டம் இல்லாத வெறுமை மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது என்றார். நான் முதலாவதற்குரிய மருந்தையே இரண்டுக்கும் உட்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசப் பேச, வாசலைத் தாண்டுவது குறைந்தது.

அங்கே கதவைத் தட்டுவதில்லை. ‘ஓடீ!’ என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். (தமிழ்க் காதுக்கு முதலில் சிரிப்பு வரும்.) என் வாசலில் அந்தக் குரல் கேட்டதெல்லாம் பள்ளி வேலைக்காக மட்டுமே. பக்கத்து வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தது. அயலாள் துக்க வீட்டில் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நான் போகவில்லை. அதன்பின் அந்தக் குரலும் நின்றது. இங்கே சாவுக்கு வராதவர் ஊரில் சேர்த்தியில்லை என்று தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார். நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வர வேண்டும் என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கடல் தாண்டியதும் எப்படியோ மறந்திருந்தேன்.

அடுத்த சாவுக்கு ஒரு பாத்திரம் மக்காச்சோள மாவுடன் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். பாடிய பாடல்களில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுநாள் காலை ஒரு பெண் ‘ஓடீ!’ என்றார். வேலையாக அல்ல, உப்பு கேட்டு. அந்த வாரமே அவரிடம் ந்சிமா கிண்டக் கற்றுக்கொண்டேன். நம் களியைப் போன்றதுதான், ஆனால் என் கைக்கு வரவே இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். கொடுக்க வந்தவள் என்ற மிதப்பு, நானே அறியாமல், என்னைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது.

முதல் வகைத் தனிமை முழுதும் போகவில்லை. மழைக்காலத்து இரவுகளில் அழுததுண்டு. வீட்டுக்கு அழைப்பதைச் சனிக்கிழமை நண்பகலுக்கு மாற்றினேன். இங்கே பிற்பகல் மூன்றரை, அம்மா விழித்திருப்பார்.

1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ், தன்னார்வலர்களைப் பணியிடத்துக்கு அனுப்பும் முன் பல வாரங்கள் உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கவைத்து மொழி பழக்குகிறது. நம்மவர்களை அனுப்பும் அமைப்புகள் அதைச் செலவு என்று தவிர்க்கக் கூடாது. தொலைதூர ஊருக்குப் புறப்படும் இளைஞர்களும், கையெழுத்திடும் முன், இணைய வசதி உண்டா என்பதோடு அண்டை வீட்டார் யார் என்பதையும் கேட்க வேண்டும்.