இரட்டைக் குட்டியும் தாயின் பட்டினியும்

புணே நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், சதாரா மாவட்டத்தில் பல்டண் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1968இல் நிறுவப்பட்ட நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும் தக்காணிச் செம்மறியாடுகளை இரட்டைக் குட்டி ஈனச் செய்யும் முயற்சியை 1990களில் மேற்கொண்டது. சுந்தரவனப் பகுதியின் சிறிய காரோல் ஆட்டினத்தில் காணப்படும் ஃபெக்-பி மரபணு கலப்பினச் சேர்க்கையால் தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. புணேயின் தேசிய இரசாயன ஆய்வுக்கூடமும் இப்பணியில் பங்கேற்றது. ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆடுகளிலும் இதே மரபணு உண்டு; 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வங்க ஆடுகளே அதனை அங்குக் கொண்டு சென்றன என்பது அறிஞர் கருத்து.

மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் தங்கர் இடையர்க்குக் கூடுதலாக ஒரு குட்டி என்பது சிறிய வருவாயன்று. எனினும் வயிற்றிலுள்ள இரு கருக்களுக்கும் எரிபொருள் வேண்டுமே!

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். கருவின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரங்களில்தான் சேருகிறது. கருவின் தலையாய எரிபொருள் குளுக்கோஸ். அசைபோடும் விலங்குகளிலோ தீவனத்தின் மாவுப்பொருளை முன்வயிற்று நுண்ணுயிர்கள் கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றுள் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டே ஈரல் பெருமளவு குளுக்கோஸை ஆக்கிக்கொள்ள வேண்டும். பெருத்த கருப்பை வயிற்றை நெருக்க, ஆடு உண்ணும் அளவும் குறைகிறது. அப்போது உடற்கொழுப்புக் கரைந்து, ஈரலில் கீட்டோன்களாக மாறுகிறது.

இங்குதான் இனத்துக்கு இனம் வேறுபாடு தோன்றுகிறது. மனிதரிலும் எலியிலும் தாயின் கீட்டோன்கள் நச்சுக்கொடியை எளிதில் கடக்கின்றன. கருவின் மூளை அவற்றை எரிபொருளாகக் கொள்கிறது. செம்மறியில் கடந்து செல்வது மிகச் சொற்பம். தாயின் இரத்தத்தில் கீட்டோன் நிறைந்திருக்கையிலும் கரு பசித்தேயிருக்கும். அது தன் தசைக்குரிய அமினோ அமிலங்களை எரித்து உயிர் காக்கிறது, வளர்ச்சி தடைப்படுகிறது. எடை குன்றிப் பிறக்கும் குட்டி, குளிரைத் தாங்கும் சேமிப்பின்றி முதல் இரவிலேயே மடியக்கூடும்.

தீங்கு அத்துடன் நிற்பதில்லை. மிகுந்த கீட்டோன்கள் ஈரலின் குளுக்கோஸ் உற்பத்தியையே மட்டுப்படுத்துகின்றன. பற்றாக்குறை மேலும் பற்றாக்குறையை வளர்க்கிறது. நோயுற்ற ஆடு மந்தையினின்று விலகி நிற்கும், தீனி மறுக்கும், பார்வை மங்கித் தடுமாறும், பின்னர் படுத்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால் புரோப்பிலீன் கிளைக்கால் புகட்டியும் குளுக்கோஸ் செலுத்தியும் காப்பாற்ற இயலும்; படுத்த பின் பிழைப்பது அரிது.

எனவே இரட்டைச் சினை ஆடுகளைப் பிரித்தறிந்து, கடைசி ஆறு வாரங்களில் தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் அளித்தல் வேண்டும். அதனையும் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். திடீரெனத் தானியம் மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகித் தாயே நோயுறும். மேய்ச்சலுக்காக நெடுந்தொலைவு நடக்கும் மந்தைகளில் இத்தகைய ஆடுகளை அந்நாட்களில் பட்டியருகே நிறுத்திக்கொள்வது நலம்.