வாசிக்காமல் பறித்த புத்தகம்

நாவல் வாசிக்கும் பிள்ளை கெட்டுப் போகும் என்பது நம்மில் பலரது நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற தவணையில் ஒருநாள், பத்தாம் தர வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பின் வரிசை மாணவி ஒருத்தி பாடப்புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தை வைத்து வாசித்துக் கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். அட்டையிலே ஒரு பெண்ணின் முகம். பக்கத்திலே ஒரு ரோஜாப்பூ. காதல் நாவல்! பாடத்தில் எஞ்சியிருந்த நேரமெல்லாம் புத்திமதியிலேயே கழிந்தது.

மணியடித்த பிறகு அந்தப் பிள்ளை மேசையருகே வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று எண்ணினேன். "மௌலவி சேர், நீங்க அந்தப் புத்தகத்த வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். குரலிலே மரியாதைக் குறைவு இருக்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்லை" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அன்பின் வாசகர்களே! விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொடுக்கிறவன் நான். அன்றைய தினம் அதையே நான் செய்திருந்தேன். ஆகவே விடுமுறைக்குப் பறித்த புத்தகத்தோடு வீட்டுக்குப் போனேன். ஊர் நூலகத்திலிருந்து இன்னும் சில கதைகளும் எடுத்தேன். நான் இலக்கிய விமர்சகன் அல்லன். பொழுது கிடைத்தால் வாசிக்கிற ஒரு சாதாரண வாசகன். அந்த அளவிலேயே எனது அபிப்பிராயங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

கற்பனை நமக்குப் புதிதா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். "நடக்காத கதையை ஏன் வாசிக்க வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அரபுக் கல்லூரியில் நாம் மகாமாத்துல் ஹரீரியை ஓதவில்லையா? ஊர் ஊராகச் சென்று வேடம் போட்டு, சொல்வன்மையால் மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் அபூ ஸைத் என்கிற கிழவனின் ஐம்பது கதைகள் அவை. அவற்றைக் கொண்டுதான் நாம் அரபு மொழியின் அழகைக் கற்றோம். கற்பனைக் கதை எழுதியதற்காகத் தம்மைக் குறை சொல்வார்கள் என்று ஹரீரிக்கும் தெரிந்திருந்தது. அதற்குரிய பதிலை அவர் தமது முன்னுரையிலேயே எழுதி வைத்தார். ஆகவே கற்பனை என்பதற்காக ஒரு புத்தகத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கற்பனை நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேள்வி.

ரோஜாப்பூ அட்டை

பறித்த நாவலை ஒரே இரவில் வாசித்து முடித்தேன். உண்மையைச் சொல்வதென்றால், கீழே வைக்க மனம் வரவில்லை. நான் பயந்தது போல் ஆபாசம் எதுவும் அதில் இருக்கவில்லை. கதாநாயகி மானத்தோடு வாழ்கிறவள். கடைசியில் கல்யாணமும் நடக்கிறது.

ஆனால் வேறோர் இடத்தில் எனக்கு நெருடியது. கதாநாயகன் பெரும் பணக்காரன், முன்கோபக்காரன். முக்கால்வாசிப் புத்தகத்துக்கு அவன் அந்தப் பெண்ணைச் சந்தேகிக்கிறான், பலர் முன்னிலையில் அவமதிக்கிறான். அவள் அழுதுகொண்டே பொறுத்துக் கொள்கிறாள். கடைசி அத்தியாயத்தில், அதெல்லாம் உன் மீது வைத்த அன்பினால்தான் என்று அவன் சொல்கிறான். அவளும் மகிழ்ந்து போகிறாள்.

குடும்பப் பிணக்குகளைத் தீர்த்து வைக்க அழைக்கப்பட்டு, பல வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்தவன் நான். சந்தேகத்தையும் ஏச்சையும் அன்பென்று எண்ணிப் பொறுத்த பெண்களின் கண்ணீரைக் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளில் கடைசி அத்தியாயம் வரவேயில்லை. இந்த நாவலிலுள்ள நஞ்சு காதல் அல்ல. அவமதிப்புக்குக் காதல் என்று பெயர் வைத்ததுதான். அட்டையைப் பார்த்துப் புத்திமதி சொன்ன எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வாசித்திருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பேன்.

மஜீதும் சுஹ்றாவும்

அடுத்ததாக வாசித்தது வைக்கம் முஹம்மது பஷீர் 1944இல் மலையாளத்தில் வெளியிட்ட 'பால்யகால சகி'. குளச்சல் மு. யூசுஃப் இதனைத் தமிழில் தந்திருக்கிறார். சிறிய புத்தகம். இதுவும் காதல் கதைதான்.

மஜீத் வசதியான வீட்டுப் பிள்ளை. சுஹ்றா ஏழைப் பாக்கு வியாபாரியின் மகள், கணக்கிலே கெட்டிக்காரி. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால், கொஞ்சம் பெரிய ஒன்று என்று பதில் சொல்பவன் மஜீத். இரண்டு ஆறுகள் சேர்ந்தால் ஒரு பெரிய ஆறுதானே என்பது அவனது நியாயம்! வாப்பா மௌத்தானதும் சுஹ்றாவின் படிப்பு நின்று போகிறது. தன் வாப்பாவோடு கோபித்து வீட்டை விட்டுப் போன மஜீத் பல வருடம் கழித்துத் திரும்புகிறான். அவனது குடும்பம் நொடித்துப் போயிருக்கிறது. சுஹ்றாவோ கொடுமைக்காரக் கணவனிடம் அடிபட்டு, ஒட்டிய கன்னத்தோடு தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

இருவரும் ஒன்றுசேரத் தடையாக நிற்பது எது? மஜீதின் தங்கைமார் இருவருக்கும் சீதனம் சேர்க்க வேண்டும். அதற்காகத் தூரத்து நகரமொன்றுக்குப் போகிறான். அங்கே விபத்தில் ஒரு காலை இழந்து, சாப்பாட்டுக் கடையில் எச்சில் கோப்பை கழுவுகிறான். அந்த நிலையில்தான் சுஹ்றா மௌத்தான செய்தி கடிதத்தில் வருகிறது. அவன் புறப்பட்ட நாளில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது. அவள் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வியோடு கதை முடிகிறது.

இக்கதையை இரவிலே வீட்டில் சத்தமாக வாசித்தேன். மனைவியும் மகளும் கேட்டுக் கொண்டிருந்தார்கள். சீதனம் வருகின்ற இடத்தில் மகள் நிமிர்ந்து, "வாப்பா, இந்த வீடு உம்மாட சீதன வீடுதானே?" என்று கேட்டாள்.

ஆம். நான் குடியிருப்பது சீதன வீட்டில்தான். எங்கள் பகுதி வழக்கப்படி மாமனார் கட்டிக் கொடுத்த வீடு. அதைக் கட்டி முடிக்க அவர் தமது வயலை விற்றார். சீதனத்துக்கு எதிராக எத்தனையோ குத்பாக்களில் பேசியிருக்கிறேன். இந்த வீட்டிலிருந்து உடுத்துப் புறப்பட்டுப் போய்த்தான் பேசியிருக்கிறேன். ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஒரு காதல் கதை என் பிள்ளையைக் கேட்க வைத்தது. "ஓம் மகள், அது நான் செய்த பிழை" என்றேன். மனைவி ஒன்றும் பேசாமல் விளக்கைச் சற்று அருகில் தள்ளி வைத்தாள். மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

கண்டி அறிஞரின் கெய்ரோ கதை

காதல் கதை நம் சமூகத்துக்குப் புறம்பானது என்போர் ஒன்றை மறந்து விடுகிறார்கள். இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் கண்டி அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தவர். நமது கல்விக்காகப் பாடுபட்டவர். அவரது 'அஸன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. கெய்ரோவில் குழந்தையாக இருக்கும்போதே களவாடப்பட்ட அஸன், பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்து, ஆபத்துகள் பல கடந்து மீண்டும் பெற்றோரை அடைகிறான். இடையிலே ஓர் ஆங்கிலப் பெண்ணுடனான காதலும் உண்டு.

இன்று வாசிக்கும்போது குறைகள் தெரிகின்றன. அஸனிடம் ஒரு பிழையும் கிடையாது. தேவைப்படும் போதெல்லாம் தற்செயலாக உதவி வந்து விடுகிறது. ஆனாலும் எகிப்தின் உறாபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தது 1883இல் என்பதை நினைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். கெய்ரோ நகரம் அன்றைய வாசகருக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கும்! படிப்பும் துணிவும் உள்ள ஓர் இளைஞனைத் தம் மக்களுக்குக் காட்ட விரும்பிய அந்தப் பெரியார், அதற்குத் தேர்ந்தெடுத்த வழி கதைதான்.

மந்திரக் கண்ணாடி

மாயக் கதைகளுக்கு வருவோம். மகளின் வற்புறுத்தலால் 'ஹாரி பாட்டர்' வரிசையின் முதற் புத்தகத்தைத் தமிழில் வாசித்தேன். ஆங்கில மூலம் 1997இல் வந்தது. மந்திரப் பள்ளிக்கூடம், பறக்கும் துடைப்பம் என்று வருகிறது. சூனியம் பெரும் பாவம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், நானும் சொன்னேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மந்திரவாதியிடம் நூல் கட்டப் போகிறவர்கள் இப்புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர்!

அதில் ஒரு கண்ணாடி வருகிறது. பார்ப்பவரின் ஆழ்மனத்து ஆசையை அது காட்டும். பெற்றோரை அறியாத அநாதைப் பையன் ஹாரி அதில் தன் தாய் தந்தையைக் காண்கிறான். இரவிரவாக அதன் முன்னேயே போய் உட்காருகிறான். இதன் முன்னால் இருந்தே வாழ்வைத் தொலைத்தவர்கள் உண்டு என்று தலைமையாசிரியர் எச்சரித்து, கண்ணாடியை அப்புறப்படுத்துகிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். கதைகளிலும் இரண்டு வகை உண்டல்லவா? ஒன்று, இந்தக் கண்ணாடியைப் போல நம் ஆசையையே காட்டி உட்கார வைத்துவிடுவது. மற்றது, நம்மை எழுப்பி வீட்டு மனிதர்களிடம் திருப்பி அனுப்புவது. ரோஜாப்பூ நாவல் முதல் வகை. பஷீரின் கதை இரண்டாம் வகை. இரண்டிலும் காதல் உண்டு. அட்டையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்

பாடசாலை தொடங்கிய அன்று அந்த மாணவியை அழைத்து, அவளது நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். "வாசித்துவிட்டேன் மகள்" என்று சொல்லி, எனக்குப் பிடித்ததையும் நெருடியதையும் கூறினேன். கூடவே 'பால்யகால சகி'யையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் கொண்டு வந்தாள். "சேர், சுஹ்றா என்ன சொல்ல வந்திருப்பா?" என்று கேட்டாள். "எனக்கும் தெரியாது மகள்" என்றேன். அதைப் பற்றி இடைவேளை முழுவதும் நாங்கள் பேசினோம். பக்கத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

பெற்றோர்களே! புத்தகத்தைப் பறித்தால் பிள்ளை போர்வைக்குள் வாசிக்கும். அல்லது போனிலே வாசிக்கும். அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள். மாறாக அந்தப் புத்தகத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்: இதில் யார் நியாயமாக நடந்தார்? யார் அநியாயம் செய்தார்? அந்த அநியாயத்துக்குக் கதை என்ன பெயர் வைத்திருக்கிறது?

பிள்ளையும் உங்களைத் திருப்பிக் கேட்கும். என் வீட்டிலே கேட்டது போல, பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியாகவும் அது இருக்கலாம். அதற்கும் ஆயத்தமாக இருந்துகொண்டு வாசியுங்கள்.