தறிவீட்டு மதிப்பீடு: தரைக்குக் கீழேயும் கணக்கு உண்டு

சில ஆண்டுகளுக்கு முன் நமது பார்வைக்கு உட்பட்ட நெசவாளர் சங்கமொன்றில் அங்கத்தினர் ஒருவர் வீட்டுக் கடனுக்கு மனுச் செய்தார். அவர் இணைத்திருந்த மதிப்பீட்டில் ஒரே வரிதான் இருந்தது: 300 சதுர அடி, சதுர அடிக்கு இன்ன விலை, ஆக மொத்தம் இவ்வளவு. நாமும் பெருக்கலைச் சரிபார்த்துச் சிபாரிசு செய்தோம். பெருக்கலில் பிழையில்லை, ஆயினும் லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் மூடாத சுவர்கள் நனைந்து நின்றன. தறி மைத்துனர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் எட்டு மாதம் கிடந்தது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. சிபாரிசு செய்தவர் என்ற முறையில் அக்குறையில் நமக்கும் பங்கு உண்டு.

பின்னர் விசாரித்ததில் காரணம் விளங்கிற்று. அந்தச் சதுர அடி விலை அண்டை வீட்டார் சொன்னது. அவரோ பழைய வீட்டின் அஸ்திவாரத்தின் மேலேயே புதுச் சுவர் எழுப்பியவர்!

பாவு போடும் முன் எத்தனை சிட்டம் நூல் வேண்டும் என்று கணக்கிடாத நெசவாளர் இல்லை. விதை நெல்லை அளக்காமல் நாற்றங்காலில் இறங்கும் விவசாயியும் இல்லை. வீடு என்றதும் மட்டும் வாய்ச்சொல்லை நம்பிவிடுகிறோம். விலை மாதந்தோறும் மாறும், அளவு மாறாது. ஆகவே பொருளின் அளவை முதலில் எழுதி, விலையைக் கடைசியில் அன்றைய நிலவரப்படி போடுதலே முறை.

அந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். வெளிப்புறம் 20 அடிக்கு 15 அடி. 9 அங்குலச் சுவர். உயரம் 10 அடி. நான்கு பக்கமும் கூட்டினால் 70 அடி. மூலைகள் இருமுறை எண்ணப்படுவதால் 3 அடி கழித்து 67 அடி. இதனை உயரத்தாலும் கனத்தாலும் பெருக்க, ஏறத்தாழ 502 கன அடி. ஒரு கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் 42 கன அடி போக மீதி 460. காரையுடன் சேர்ந்து 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் கொள்ளும் செங்கல் கன அடிக்கு 14 வீதம் செல்லும். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 6,760 கல். சூளைக்குச் சூளை கல்லின் அளவு வேறுபடும். சிறிய கல்லானால் கன அடிக்கு ஒன்று கூடும். ஒரு கல்லை வாங்கி அளந்த பிறகே எண்ணிக்கையை எழுதுக. சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவையில் நூறு கன அடிச் சுவருக்கு 50 கிலோ மூட்டை சுமார் நான்கு பிடிக்கும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் கணக்கு. நமது அங்கத்தினரை வீழ்த்தியது தரைக்குக் கீழே இருந்தது. கடைக்காலில் 2 அடி அகலம், 2½ அடி ஆழத்துக்குக் கருங்கல் கட்டு 335 கன அடி. அதன்மேல் 2 அடி உயரம், 13½ அங்குல கனத்தில் பேஸ்மட்டச் சுவருக்கு உடைசல் நீங்கலாக 2,100 செங்கல். உள்ளே நிரப்பக் கிராவல் 420 கன அடி. திமிசு போட்டால் அமிழுமாதலால் 5 யூனிட் இறக்க வேண்டும். ‘பேஸ்மட்டத்தை ஓர் அடியாகக் குறைத்தால் என்ன?’ என்று கேட்பவர் உண்டு. மற்றவருக்கு எப்படியோ, குழித்தறி நெசவாளருக்கு அது ஆகாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் கால் மிதிக்குப் போவது எவ்வாறு?

கூரைக்கு வருவோம். 300 சதுர அடிக்கு 5 அங்குல கான்கிரீட் 125 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் சிமெண்டு 28 மூட்டை, மணல் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், ஜல்லி ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். கம்பி 300 கிலோ அளவில் வரலாம். இதைப் பொறியாளரின் வரைபடப்படியே முடிவு செய்க. சென்ட்ரிங் பலகை மட்டம் தவறி 5 அங்குலம் 6 ஆனால், சிமெண்டு மட்டும் ஐந்தாறு மூட்டை கூடிவிடும்.

மணலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈர மணல் உப்பி நிற்கும். லாரியில் நிறைவாகத் தெரிவது உண்மையில் கால் பங்கு வரை குறைவாக இருக்கலாம். ஒரு படியில் அம்மணலைத் தளர்வாக நிரப்பி, வேறு பாத்திரத்தில் கொட்டி நீர் விட்டுக் கிளறி, மீண்டும் படியிலே நீர் ததும்ப இட்டுப் பார்த்தால் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். சிமெண்டை மலிவென்று மொத்தமாக வாங்கி அடுக்குவதும் வேண்டாம். மூன்று மாதத்தில் வலு குறையும்.

இரண்டாம் முறை அவ்வங்கத்தினர் மனுவுடன் வந்தபோது, நாமே டேப்பைப் பிடித்து மீதி வேலையை அளந்து பட்டியல் எழுதினோம். மறு வைகாசியில் கூரை போட்டார். 30 மூட்டை வாங்கியதில் இரண்டு மீந்தன. அவை தறிக்குழியின் பக்கச்சுவர்ப் பூச்சுக்குப் போயின.